வடிவுக்கு ஏழு காசு

ஏட்டி வடிவு,
இந்தத் தடவ சீட்டு உனக்கு விழுந்திட்டு.
கவுண்டர்ல கூட்டம் குறையட்டும்னு பாத்தேன், குறையல.
பிரீமியம் ரசீதுக்குப் பின்பக்கம் எழுதுதேன்,
எழுத்து கோணலா இருக்கும், படிச்சுக்க.

நான் போனது வியன்னா. நீ போறது லிஸ்பன்.
அதனால இதுல பாதி உனக்கு உதவாது.
எந்தப் பாதின்னு போனாத்தான் தெரியும்.

திருவனந்தபுரம் ஏர்போர்ட்ல
செருப்பக் கழத்தச் சொன்னா
கை தன்னால குவியும். குவிச்சிராத.
நான் குவிச்சேன்.

வீட்டுக்காரர்ட்ட உண்மையச் சொல்லிட்டே போ.
நான் ட்ரெயினிங்னு சொன்னேன்.
திரும்பி வந்து ரெண்டு மாசம்
என்ன படிச்சுத் தந்தாங்கன்னு
சோத்துல கைய வச்சுகிட்டே கேட்டாரு மனுசன்.

பருப்புப்பொடி அரைக்கிலோ போதும்.
அல்வா வேண்டாம்.
யாருக்குக் குடுக்க?
அங்க நமக்குன்னு ஒருத்தரும் இல்லைல்லா.

டிக்கெட் எடுத்தா மட்டும் பத்தாது,
வாசல்ல ஒரு நீலப்பெட்டி இருக்கும், அதுல குத்தணும்.
எனக்குத் தெரியாது.
கண்டக்டர் இல்லாத ரயிலுன்னு
சன்னலோரம் ராணி கணக்கா உக்காந்திருந்தேன்.
மூணாவது ஸ்டேஷன்ல
ஜீன்ஸ் போட்ட பையன் பக்கத்துல வந்து
கழுத்து அட்டையத் தூக்கிக் காட்டுனான்.
நூத்தஞ்சு யூரோ.
நம்ம சீட்டுல அது எத்தன தவணைன்னு
கணக்குப் போட்டுப் போட்டு அழுதேன்.
மூக்கு தொடைக்கப் பேப்பர் குடுத்தான்.
ரசீதும் குடுத்தான்.

வண்ணாரப்பேட்ட ரவுண்டானாவுல
கைய நீட்டிகிட்டே குறுக்க பாய்வோம்லா,
அத அங்க செய்யாத.
வெள்ளக் கோட்டுகிட்ட நின்னாலே காரு நின்னுரும்.
அவன் போட்டும்னு நான்,
நான் போட்டும்னு அவன்.
பின்னால ஆறு வண்டி. ஒருத்தனும் ஹாரன் அடிக்கல.
அதுதான் பயமா இருந்தது.

வழி கேட்டா பன்னெண்டு நிமிஷம்பாங்க.
பன்னெண்டேதான்.
நம்ம ஊரு ‘இந்தா, பக்கத்துலதான்’ கெடையாது.
டவுன்ல ரதவீதி நாலும் சுத்துனா
கெளம்புன எடத்துக்கே வந்துரலாம்.
அங்க நானும் நாலு தடவ திரும்புனேன்,
வேற ஊருக்கே போயிட்டேன்.

ஞாயித்துக்கிழம ஒரு கடை தொறக்காது,
சனிக்கிழமையே பால் வாங்கு.
குழாய்த் தண்ணி நல்லாருக்கும்.
தாமிரவருணிய ஒண்ணும் சொல்லல,
ஆனா நல்லாருக்கும்.

எழுதக் கூடாதுன்னா ஜெசிந்தா. எழுதுதேன்:
கக்கூசுல தண்ணி கெடையாது.
அரை லிட்டர் பாட்டில் ஒண்ணு
எப்பவும் கைப்பையில கெடக்கட்டும்.

அப்புறம் ஒண்ணு.
நீ யாரு மக, எந்தத் தெரு,
எத்தன பிள்ள, ஏன் இல்ல,
ஒரு ஆளு கேக்க மாட்டாங்க.
மொத நாளு ஒடம்பே கனமில்லாம நடப்பே.
மூணாம் நாளு சாயங்காலம்
ஆத்தோரம் ஒரு பெஞ்சி,
யார் வீட்டு நாயோ வந்து கால்கிட்டப் படுத்தது.
‘பாளையங்கோட்டை, மகாராஜநகர்,
எல்.ஐ.சி.ல இருக்கேன்’னு
அதுட்ட சொல்லிகிட்டு இருந்தேன்.
காத ஆட்டாமக் கேட்டது.
உனக்கு அப்படி வந்தா
வெக்கப்படாம எதுட்டயாவது சொல்லிரு.

இதோட கண்மை டப்பாவுல ஏழு காசு இருக்கு,
எல்லாம் அம்பது சென்ட்.
மாத்த மறந்துட்டேன்னு ஆபீஸ்ல சொன்னேன்.
மறக்கல.
வியன்னா காசு லிஸ்பன்லயும் செல்லும், விசாரிச்சிட்டேன்.
கக்கூசுக்கு அம்பது சென்ட்னா
ஏழு தடவ கவலையில்லாமப் போலாம்.

எல்லாத்தையும் செலவழிச்சிட்டு வந்துராத.
அடுத்த சீட்டு ஜெசிந்தாவுக்கு.
அவளுக்குச் சர்க்கர இருக்கு,
அடிக்கடி போவா.

ஆவுடை